ஒரு பக்கக் கடிதம் போதும்: முதலாண்டு ஆசிரியர்களுக்காகப் பள்ளிக்கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளிக்கல்வித் துறை அமைச்சர் அவர்களுக்கும், துறைச் செயலர், இயக்குநர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

1988 ஜூன் மாதம், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில் இடைநிலை ஆசிரியையாகப் பணியில் சேர்ந்தவள் நான். 2023 மே மாதம் கல்வராயன் மலையடிவாரத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றேன். இடையில் மாவட்டத்தின் பெயர் விழுப்புரம் ஆனது, பிறகு கள்ளக்குறிச்சி ஆனது. எனக்கு அதே மண்தான், அதே பிள்ளைகள்தான். ஓய்வூதியம் பற்றியோ ஊதிய முரண்பாடு பற்றியோ கேட்க இந்த மடலை எழுதவில்லை. என் கோரிக்கை ஒன்றே ஒன்று. பணிக்கு வந்த முதல் ஆண்டிலேயே நன்றாகப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கென்று தனியாக ஒரு விருது வையுங்கள். அந்த விருதுக்கு ஆசிரியர் தாமே விண்ணப்பிக்க வேண்டாம். அவர் வேலையைக் கண்ணால் பார்த்தவர்கள் பரிந்துரைக்கட்டும்.

இதை ஏன் கேட்கிறேன் என்று சொல்ல உங்களை ஒரு வகுப்பறைக்குக் கூட்டிப்போக வேண்டும்.

2022-23ஆம் கல்வியாண்டு. எங்கள் பள்ளியில் இரண்டு இடைநிலை ஆசிரியர் பணியிடங்கள் காலியாக இருந்தன. பள்ளி மேலாண்மைக் குழு மூலமாக மதிப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியரை அமர்த்திக்கொள்ள அரசு அனுமதி கொடுத்தது. மாதம் 12,000 ரூபாய். அப்படி வந்தவர் ஒரு பெண். வயது 26. ஆசிரியர் பட்டயப் பயிற்சி முடித்து, தகுதித் தேர்விலும் தேறி, வேலை வராமல் மூன்று ஆண்டு ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவர். கச்சிராயபாளையத்தில் காலை முதல் பேருந்தைப் பிடித்து எட்டேகாலுக்கெல்லாம் பள்ளியில் இருப்பார். ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று வகுப்புகளும் ஒரே அறையில் அவரிடம். சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கிய ஆண்டு அது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து உட்காரவைத்துப் பாடம் நடத்த வேண்டும். அனுபவப்பட்ட ஆசிரியர்களே திணறிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் அரும்பு நிலையிலேயே நின்றுகொண்டிருந்தான். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பின் பாதியும் கொரோனாவில் போய், பள்ளிக்கூடத்தையே சரியாகப் பார்க்காமல் மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளை. வாரத்தில் மூன்று நாள் வருவான், மீதி நாள் ஆடு மேய்க்கப் போய்விடுவான். வகுப்பில் வாயே திறக்க மாட்டான். ‘அவன் அப்படித்தான்’ என்று நாங்கள் எல்லோரும் விட்டிருந்தோம். நானும்தான்.

அந்தப் பெண் ஒரு சனிக்கிழமை அவன் வீட்டுக்குப் போனார். ஆட்டுப் பட்டியில் 22 ஆடுகள். எண்ணிக்கை கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஒன்று காணவில்லை என்றால் எது என்று சொல்லிவிடுவான். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. திங்கட்கிழமை காலையில் அந்தப் பெண் கரும்பலகையில் ‘செவலை’ என்று எழுதினார். அடுத்து ‘கருப்பி’. அடுத்து ‘சுட்டி’. நெற்றியில் வெள்ளைப் பொட்டு உள்ள ஆட்டைச் சுட்டி என்பார்கள். பையன் இருந்த இடத்தைவிட்டு எழுந்து வந்தான். ‘சுட்டி’ என்ற சொல்லில் நடு எழுத்தின் மேல் விரலை வைத்து, “டீச்சர், இதுக்கும் நெத்தியில பொட்டு இருக்கு” என்றான்.

ட் என்ற எழுத்தின் தலையில் உள்ள புள்ளியைத்தான் சொன்னான். அன்றிலிருந்து அந்த வகுப்பில் மெய்யெழுத்துகளுக்குப் பெயர் ‘சுட்டி எழுத்து’. “இது சுட்டியா, சுட்டி இல்லையா?” என்று பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு படித்தார்கள். நான் 34 வருஷமாக மெய்யெழுத்து சொல்லிக்கொடுத்தவள். எனக்கு அது தோன்றியதில்லை. பொங்கலுக்குள் அந்தப் பையன் 22 ஆடுகளின் பெயரையும் எழுதினான். பிறகு பாடப்புத்தகத்தைத் தொட்டான். மார்ச் மாதம் மொட்டு நிலையைத் தாண்டிவிட்டான்.

ஏப்ரல் கடைசியில் அந்த ஆசிரியையைப் பணியிலிருந்து விடுவிக்கும் கடிதத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். அதற்கு முன்னால் அலுவலகம் ஒன்றில் கேட்டுப் பார்த்தேன், இவர் செய்த வேலையைப் பற்றி எங்காவது எழுதிப் பதிவு செய்து வைக்க வழி உண்டா என்று. அங்கிருந்தவர் நல்ல மனிதர். யோசித்துவிட்டுச் சொன்னார்: “பணிப்பதிவேடே இல்லாதவங்களுக்கு எதுல டீச்சர் எழுதுவீங்க?” அவர் சொன்னது சரிதான். எழுதுவதற்கு ஒரு தாள்கூட அரசிடம் இல்லை.

அந்தத் தாளைத்தான் இப்போது கேட்கிறேன்.

விருதுகள் ஏற்கெனவே இருக்கின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கின்றன. ஒன்றிய அரசின் நல்லாசிரியர் விருது 1958 முதல் கொடுக்கப்படுகிறது. நம் மாநிலத்தில் டாக்டர் ராதாகிருஷ்ணன் பெயரால் ஒவ்வொரு செப்டம்பர் 5ஆம் தேதியும் 380க்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்கு 10,000 ரூபாய், வெள்ளிப் பதக்கம், பாராட்டுச் சான்றிதழ் கொடுக்கிறீர்கள். திருத்தணியில் பிறந்த ஓர் ஆசிரியர் குடியரசுத் தலைவரான நாட்டில் அந்த நாளுக்குரிய மரியாதை அது. அதில் ஒன்றைக்கூடக் குறைக்க வேண்டாம். ஆனால் அவை நீண்ட காலம் உழைத்தவர்களுக்கான விருதுகள். பல ஆண்டு சாதனைகளைத் தொகுத்துக் காட்டக்கூடியவர்களே அந்த வரிசையில் நிற்க முடியும். முதலாண்டு ஆசிரியரிடம் காட்ட என்ன இருக்கும்? ஒரு பையனும் 22 ஆட்டுப் பெயரும்தான் இருக்கும்.

அந்த விருதுக்காகத் தயாரிக்கும் கோப்பு பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். ஒரு முறை என்னையும் விண்ணப்பிக்கச் சொன்னார்கள். புகைப்படங்கள், செய்தித்தாள் நறுக்குகள், பயிற்சிச் சான்றிதழ்கள், ஊராட்சித் தலைவரின் பாராட்டுக் கடிதம், மரம் நட்டது, பேரணி போனது எல்லாவற்றையும் தேடிப்பிடித்து, வண்ணத்தில் அச்செடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டேன். இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பின்னம் படிக்க வேண்டிய காலம். அரைகுறையாகத்தான் நடத்தினேன். விருது கிடைக்கவில்லை, அதில் வருத்தமில்லை. அந்தப் பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் பின்னத்தில் தடுமாறியதை நினைத்தால் இன்றும் மனம் கூசுகிறது. தன் பெருமையைத் தானே எழுதிக் கொடுக்கச் சொல்வது நல்ல ஆசிரியருக்குச் சங்கடம். புதிதாக வந்தவருக்கு அது எப்படி என்றே தெரியாது. தெரியாமலே இருக்கட்டும் என்றுதான் நான் விரும்புகிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெளிநாடுகளில் புதிய ஆசிரியர்கள் வேலையை விட்டுப் போய்விடுகிறார்கள், அவர்களைத் தக்கவைக்க விருது கொடுக்கிறார்கள் என்பார்கள். நம் ஊரில் அரசுப் பள்ளி ஆசிரியர் வேலையை விட மாட்டார். தகுதித் தேர்வு ஒன்று, அதன் பிறகு போட்டித் தேர்வு ஒன்று என்று இரண்டு தேர்வு எழுதி, வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வேலை. 2024 ஜூலையில் இடைநிலை ஆசிரியர் போட்டித் தேர்வு எழுதியவர்களில் பலருக்கு வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் ராஜினாமா செய்ய மாட்டார்கள். ஆனால் ஆள் இருக்க, மனசு கிளம்பிப் போய்விடும். அதை நான் கண்ணெதிரே பார்த்திருக்கிறேன். ஜூன் மாதம் அட்டையில் படம் வரைந்து, குரலை மாற்றிக் கதை சொல்லிக்கொண்டு வருகிறவர், அடுத்த ஜூனில் நாற்காலியில் உட்கார்ந்தபடி “பக்கம் 14 எடுங்க” என்கிறார். என்ன நடந்தது? கெட்டது எதுவும் நடக்கவில்லை. அவர் செய்ததை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். எமிஸில், அதாவது துறையின் இணையப் பதிவுத் தளத்தில், பதிவு ஏற்றவில்லை என்றால் அரை மணிக்குள் போன் வரும். ஒரு பிள்ளை முதல்முறையாக வாசித்தது என்றால் கேட்க ஆள் இல்லை. எதைப் பார்க்கிறார்களோ அதைத்தான் மனிதர்கள் செய்வார்கள்.

என்னையே எடுத்துக்கொள்கிறேன். 1988 நவம்பர். சேர்ந்து ஐந்து மாதம். ஆய்வுக்கு வந்த அலுவலர் பதிவேடுகளைக் கேட்பார் என்று நான் மேசையில் அடுக்கி வைத்திருந்தேன். அவர் அவற்றைத் தொடவே இல்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்தார். முழுதாக ஒரு பாடவேளை இருந்தார். போகும்போது ஆய்வுக் குறிப்பேட்டில் இரண்டு வரி எழுதினார்: ‘இவ்வகுப்பில் பிள்ளைகள் பயமின்றிக் கேள்வி கேட்கிறார்கள். ஆசிரியை ஒவ்வொரு கேள்விக்கும் நின்று பதில் சொல்கிறார்.’ அன்று சாயங்காலமே அதை என் டைரியில் பார்த்து எழுதிக்கொண்டேன். அந்த டைரி இப்போதும் என் பீரோவில் இருக்கிறது. 35 வருஷத்தில் எத்தனையோ நாள் போதும் போதும் என்று இருந்திருக்கிறது. தலைமையாசிரியரோடு மனத்தாங்கல், இடமாறுதல், வீட்டில் நோய். அந்த நாட்களிலெல்லாம் நான் எடுத்துப் படித்தது அந்த இரண்டு வரியைத்தான். நான் கேள்விகளுக்கு நின்று பதில் சொல்கிறவள் என்று ஒருவர் எழுதிவிட்டார். அதற்குப் பிறகு நிற்காமல் போக எனக்கு மனம் வரவில்லை.

நான் கேட்கும் விருது இந்த இரண்டு வரிதான். அதை அதிர்ஷ்டத்துக்கு விடாமல், எல்லாப் புதிய ஆசிரியருக்கும் வாய்க்கக்கூடிய ஒரு முறையாக ஆக்குங்கள்.

எப்படிச் செய்யலாம் என்று பல நாள் யோசித்தேன். எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன்.

பரிந்துரை ஒரே ஒரு பக்கம், கையால் எழுதியது. ஒரே ஒரு கேள்வி: இந்த ஆசிரியர் வந்த பிறகு எந்தப் பிள்ளையிடம் என்ன மாறியது, நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள். புகைப்படம் வேண்டாம். சான்றிதழ் வேண்டாம். தேர்ச்சி விழுக்காடு கண்டிப்பாக வேண்டாம். புதிதாக வருகிறவருக்குப் பெரும்பாலும் யாரும் எடுக்க விரும்பாத வகுப்புதான் கிடைக்கும் என்பது துறையில் உள்ள எல்லோருக்கும் தெரியும். அந்த வகுப்பின் விழுக்காட்டைக் கொண்டுபோய் நகரத்துப் பள்ளியின் விழுக்காட்டோடு வைத்துப் பார்ப்பது நியாயமில்லை.

யார் எழுதலாம்? தலைமையாசிரியர் எழுதலாம், உடன் வேலை பார்க்கிறவர் எழுதலாம், ஆறாம் வகுப்புக்கு மேல் மாணவர்களே எழுதலாம். ஆனால் பெற்றோர் சொல் கட்டாயம் இருக்க வேண்டும். அதற்கு இடம் ஏற்கெனவே இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். அந்தக் குழுவைக் கையெழுத்து வாங்கும் குழுவாக வைத்திருக்கிறோம். அதனிடம் ஒரு நல்ல வேலையை ஒப்படைத்துப் பாருங்கள். எங்கள் குழுவின் தலைவி செங்கல் சூளைக்குப் போகும் ஒரு தாய். எழுதத் தெரியாது. அந்த ஆசிரியையைப் பற்றிக் கேட்டபோது சொன்னார்: “அந்த டீச்சரம்மா வந்ததுலேருந்து எம் பொண்ணு சாயங்காலம் வீட்டுல எங்களுக்குப் பாடம் நடத்துது. நான் தூங்கிட்டா எழுப்பிவிடுது.” இதைவிட நல்ல மதிப்பீட்டு அறிக்கையை நான் எந்தப் பயிற்சியிலும் பார்த்ததில்லை. சொல்வதை இன்னொருவர் எழுதிக்கொள்ளலாம், கைரேகை வைக்கலாம். அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

தமிழ் ஆசிரியர்களுக்கு இப்படி மாணவரும் பெற்றோரும் பரிந்துரைக்கும் விருது புதிய விஷயமும் அல்ல. சிங்கப்பூரில் தமிழ் முரசு நாளிதழும், சிங்கப்பூர்த் தமிழாசிரியர் சங்கமும், தமிழ்மொழி கற்றல் வளர்ச்சிக் குழுவும் சேர்ந்து 2002 முதல் நல்லாசிரியர் விருது நடத்திவருகின்றன. ஒரு மாணவர் தன் தமிழாசிரியரைப் பற்றி எழுதி அனுப்பலாம். பயிற்சி ஆசிரியர்களுக்கும் அதில் தனியே ஓர் இடம் வைத்திருக்கிறார்கள், இன்னும் வேலையில் முழுதாகக் கால் வைக்காதவர்களுக்கு! அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் கல்வித் துறையே முதலாண்டு ஆசிரியர்களுக்கென்று ஹொரைசன் விருது கொடுக்கிறது. ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் தொடக்க நிலையில் ஒருவரையும் அதற்கு மேல்நிலையில் ஒருவரையும் பரிந்துரைக்கலாம். மாநிலத்தை நான்கு மண்டலமாகப் பிரித்து, மண்டலத்துக்கு எட்டுப் பேர் வீதம் 32 பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதலாண்டை முழுதாக முடித்த பிறகுதான் பரிந்துரை. இந்த மண்டலப் பிரிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. இல்லையென்றால் பெரிய ஊர்கள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடும்.

நமக்கு 38 மாவட்டங்கள். மாவட்டத்துக்கு நான்கு பேர் என்றால் 152 பேர். அதில் ஒருவராவது ஈராசிரியர் பள்ளியிலிருந்தோ மலைப் பள்ளியிலிருந்தோ வரவேண்டும் என்று விதி வையுங்கள். ஆதிதிராவிடர் நலப் பள்ளி, பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி, மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் உள்ள கள்ளர் சீரமைப்புப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி எதுவும் விடுபடக் கூடாது. வேறு துறை என்று ஒதுக்கிவிடாதீர்கள். பிள்ளைக்குத் தன் பள்ளி எந்தத் துறையில் வருகிறது என்று தெரியாது. மதிப்பூதியத்தில் வேலை பார்க்கும் தற்காலிக ஆசிரியர்களையும் சேர்த்தே ஆக வேண்டும். முதலாண்டு ஆசிரியர் என்ற சொல்லுக்குள் அவர்கள் இல்லை என்றால் நான் இந்த மடலை எழுதியதே வீண்.

பரிந்துரைகள் வந்தபின் தேர்வுக் குழு அறையில் உட்கார்ந்து தாள்களுக்கு மதிப்பெண் போட வேண்டாம். இரண்டு பேர் நேரில் போகட்டும். ஒருவர் வேறு ஒன்றியத்தின் தலைமையாசிரியர், இன்னொருவர் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் விரிவுரையாளர். முன்கூட்டிச் சொல்லாமல் போய், காலை வழிபாட்டுக் கூட்டத்திலிருந்து கடைசி மணி வரை பின் வரிசையில் உட்காரட்டும். சொல்லிவிட்டுப் போனால் அன்று கோலம் போட்டு, வாழை மரம் கட்டி, பிள்ளைகளுக்கு ஒத்திகை நடந்திருக்கும்.

இங்கே ஓர் அச்சத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். இந்த விருதும் இன்னொரு பதிவேடாகிவிடலாம். ‘உங்கள் ஒன்றியத்திலிருந்து பத்துப் பரிந்துரை நாளை மாலைக்குள்’ என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி வரலாம். அப்படி ஆகுமானால் தயவுசெய்து தொடங்கவே வேண்டாம். பரிந்துரை வராத பள்ளியிடம் ஏன் வரவில்லை என்று கேட்கக் கூடாது. இலக்கு எண் கூடாது.

ஆட்சேபணைகள் வரும். ‘ஆரம்ப சூரத்தனம்’ என்று சொல்வார்கள். முதல் வருஷம் எல்லோரும் ஆடுவார்கள், பத்து வருஷம் கழித்துப் பார்க்கலாம் என்பார்கள். சூரத்தனம் ஆரம்பத்தில்தான் வரும். வந்தபோது ஒரு கை தண்ணீர் ஊற்றினால் அது பத்து வருஷம் நிற்கும். பத்து வருஷம் காத்திருந்து பார்க்கிறேன் என்பது நாற்று வாடுகிறதா என்று பார்த்துக்கொண்டு வரப்பில் நிற்பதற்குச் சமம். ஆசிரியர் அறையில் பொறாமை வரும் என்பார்கள். அது எந்த விருதிலும் வரும். மூத்த ஆசிரியர்களே பரிந்துரைக் கடிதத்தை எழுதினால் பாதி குறையும். தன் கையால் வளர்த்த பெண்ணைப் பற்றி எழுதுவதில் மூத்தவர்களுக்கு ஒரு நிறைவு இருக்கிறது, நான் அதை அனுபவித்திருக்கிறேன்.

சிபாரிசு நுழையும் என்பதுதான் கனமான ஆட்சேபணை. அதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி, இந்த விருதோடு எந்த லாபத்தையும் ஒட்டவைக்காமல் இருப்பது. பணியிட மாறுதல் கலந்தாய்வில் முன்னுரிமை வேண்டாம். தகுதிகாண் பருவத்துக்கும் இதற்கும் தொடர்பு வேண்டாம். பெரிய தொகையும் வேண்டாம். வகுப்பறைக்கு நல்ல புத்தகங்கள் ஒரு பெட்டி கொடுங்கள், அவர் பெயரில் இல்லை, அந்த வகுப்பின் பெயரில். அவர் விரும்பும் வேறு மூன்று பள்ளிகளுக்குப் போய் ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்க அனுமதியும் பயணச் செலவும் கொடுங்கள். சிபாரிசு பிடிக்கிறவர்களுக்கு இதில் ஆசை வராது.

இதைவிட முக்கியம், விருது வாங்கியவரை வகுப்பிலிருந்து தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நன்றாகப் பாடம் நடத்துகிறார் என்று தெரிந்தால் உடனே மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் கருத்தாளர் ஆக்கிவிடுகிறோம். இந்த வாரம் வட்டார வளமையத்தில் பயிற்சி, அடுத்த வாரம் மாவட்டத்தில், அதற்கடுத்து பாடப்பொருள் தயாரிப்பு. அவர் மற்ற ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார், அவருடைய பிள்ளைகள் பக்கத்து வகுப்பில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு ஆண்டுக்கு அவரைக் கருத்தாளராக அழைப்பதில்லை என்று ஆணையிலேயே எழுதிவிடுங்கள். அந்தப் பிள்ளைகள் உங்களை வாழ்த்துவார்கள்.

விருது வழங்குவதும் சென்னையில் வேண்டாம். புதிய ஆசிரியர் இரவெல்லாம் பேருந்தில் வந்து, மேடைக்குக் கீழே வரிசையில் நின்று, அரை நிமிடத்தில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டாம். முதன்மைக் கல்வி அலுவலர் அந்தப் பள்ளிக்கு வரட்டும். காலை வழிபாட்டுக் கூட்டத்தில், அந்தப் பிள்ளைகள் முன்னால், வேலைக்குப் போகும் வழியில் நின்று பார்க்கும் தாய்மார் முன்னால், பரிந்துரைக் கடிதத்தை உரக்கப் படிக்கட்டும். தங்கள் டீச்சரைப் பற்றி ஒரு பெரிய அதிகாரி படிப்பதைக் கேட்கிற பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேராவது ஆசிரியராக வருவார்கள்.

தேர்வாகாதவர்களை விட்டுவிடாதீர்கள். பரிந்துரைக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும், அவரைப் பற்றி எழுதப்பட்ட அந்த ஒரு பக்கத்தின் நகல் போய்ச் சேர வேண்டும். நிரந்தரப் பணியில் இருப்பவர் என்றால் பணிப்பதிவேட்டில் ஒட்டி வையுங்கள். பணிப்பதிவேடு இல்லாதவர் என்றால் துறை முத்திரையோடு அஞ்சலில் அனுப்புங்கள். 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள் உள்ள மாநிலத்தில் ஆண்டுக்கு 152 பேருக்குத்தான் விருது கிடைக்கும். ஆனால் கடிதம் ஆயிரம் பேருக்குக் கிடைக்கலாம். இரண்டில் எது வேண்டும் என்று என்னைக் கேட்டால் கடிதத்தைத்தான் கேட்பேன்.

எங்கள் பள்ளிக்கு வந்த அந்தப் பெண் 2024 ஜூலைத் தேர்வை எழுதித் தேறி, இப்போது வேறு மாவட்டத்தில் நிரந்தர ஆசிரியை. போனில் பேசும்போது அவருக்கு எத்தனை பிள்ளைகள், எந்த வகுப்பு என்று கேட்பேன். சொல்வார். போன மாதம் பேசும்போது ஒன்று சொன்னார்: “பிள்ளைங்க நல்லா வராங்க மேடம். ஆனா இங்க யாரும் வகுப்புக்குள்ள வந்து பாக்கிறதில்ல. நான் சரியா பண்றேனான்னே தெரியல.” அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுக்கிற பெண் அப்படிக் கேட்டதை என்னால் தாங்க முடியவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

வரும் ஜூனில் பள்ளி திறந்ததும் நடக்கும் முதல் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அந்த ஒரு பக்கப் படிவம் வந்து சேரும்படி செய்யுங்கள். முதலில் இரண்டு மூன்று மாவட்டத்தில் நடத்திப் பார்த்தாலும் சரி. வகுப்பறைகளைப் போய்ப் பார்க்க ஆள் போதாது என்றால் ஓய்வு பெற்ற ஆசிரியர்களைக் கூப்பிடுங்கள். சம்மதிப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் வருகிறேன். எனக்கு மதிப்பூதியம் வேண்டாம், பேருந்துச் செலவும் என்னுடையது. கல்வராயன் மலையில் எந்தப் பள்ளியாக இருந்தாலும், கச்சிராயபாளையத்தில் காலை முதல் பேருந்தைப் பிடித்து வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியை,
கள்ளக்குறிச்சி மாவட்டம்.